டார்ச் வெளிச்சத்தில் ஒரு கரும்புள்ளி: எது குறை?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் திருவொற்றியூர், விம்கோ நகர், காத்திவாக்கம், எண்ணூர் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் புகைபோக்கிகளையும் கம்பெனி மதில்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசினாலே புகை, லாரி, தூசி என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த ஏழெட்டு கிலோமீட்டருக்குள் ஒரு காலத்தில் தயாரான பொருள்களில் பாதி வெளிச்சத்தோடு சம்பந்தப்பட்டவை!

விம்கோ நகர் என்ற பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். சுவீடன் நாட்டு முதலாளிகள் 1923ல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனிதான் சுருக்கமாக விம்கோ. அதே திருவொற்றியூரில்தான் எவரெடி பேட்டரி தயாரித்த ஆலையும் இருந்தது. 1955ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் மோட்டார் சைக்கிளும் அங்கிருந்துதான் தன் உருண்டை ஹெட்லைட்டோடு வெளியே வந்தது. கொஞ்சம் வடக்கே போனால் எண்ணூர் அனல் மின் நிலையம். 1970ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்து, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017ல் மூடப்பட்டது. தீக்குச்சி, பேட்டரி, ஹெட்லைட், கரண்ட்... வெளிச்சத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே சாலையில்.

இந்தக் கட்டுரை அதில் மிகச் சிறிய ஒன்றைப் பற்றியது. டார்ச் லைட். அதிலும் டார்ச்சின் வெளிச்சத்தில் தெரியும் குறைகளைப் பற்றி.

இதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து நல்ல டார்ச் ஒன்று வாங்குகிறார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அறை விளக்கை அணைத்துவிட்டு வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்க்கிறார். நடுவில் லேசாக ஒரு இருட்டுப் புள்ளி. அதைச் சுற்றி மெல்லிய வளையம். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். உடனே மனசு கெட்டுவிடுகிறது. "இவ்வளவு காசு கொடுத்தும் குறையா?" கடைக்குத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. வெளிச்சக் கற்றையில் எது குறை, அதை யார் எங்கிருந்து பார்த்துத் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு 150 வருடத்துக்கு மேல் வயதாகிறது. அந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

மின்னி மறைந்த விளக்கு

இன்று தெரிந்த குழாய் வடிவ டார்ச்சுக்கு அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் வாங்கிய காப்புரிமை 1899 ஜனவரியில் வெளியானது. கான்ராட் ஹூபர்ட் என்பவரின் கம்பெனி அதைத் தயாரித்து நியூயார்க் போலீஸ்காரர்களிடம் கொடுத்துப் பிரபலமாக்கியது. "எவர் ரெடி" என்ற பெயரும் அந்தக் கம்பெனியிலிருந்து வந்ததுதான்.

அமெரிக்கர்கள் டார்ச்சை "ஃபிளாஷ் லைட்" என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து பேட்டரி பலவீனமானது. கார்பன் இழை பல்பு கரண்டை அதிகம் குடித்தது. தொடர்ந்து எரியவிட்டால் சீக்கிரம் மங்கிவிடும். அதனால் ஒரு கணம் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். மின்னி மறைகிற விளக்கு! 1910ல் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் டார்ச் நின்று எரிய ஆரம்பித்தது.

நின்று எரிந்த பிறகுதான் குறையும் தெரிந்தது. ஒரு கணம் மின்னி மறைகிற வெளிச்சத்தில் வளையத்தை யார் எண்ணுவார்கள்?

குறை எங்கிருந்து வருகிறது?

பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம் பரவளைய வடிவம் கொண்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். குவியத்தில் ஒரு ஒளிப்புள்ளியை வைத்தால் கதிர்கள் எல்லாம் இணையாக வெளியே போகும். கணக்கில் இது கச்சிதம். ஆனால் பல்பின் இழை ஒரு புள்ளி அல்ல. ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள சுருள். கிண்ணத்தின் ஒவ்வொரு பகுதியும் அந்தச் சுருளின் ஒரு பிம்பத்தைச் சுவரில் போடுகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிமூலம் கண்ணாடியிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், 10 மீட்டர் தூரத்தில் அதன் பிம்பம் சுமார் ஒரு மீட்டர் அகலமாக விரிந்துவிடும். கிண்ணத்தின் அடிப்பகுதி பல்புக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிய பிம்பம் போடும். விளிம்பு தள்ளி இருப்பதால் சின்ன பிம்பம் போடும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் நீங்கள் பார்க்கும் வட்டம் உருவாகிறது.

பல்பு குவியத்திலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தால் அந்தப் பிம்பங்கள் நடுவில் சேராமல் வட்டமாக விலகி நிற்கும். நடுவில் ஓட்டை விழும், மெதுவடை மாதிரி. கிண்ணத்தை அச்சில் அழுத்தியபோது விழுந்த சின்னக் கோடுகூட வளையமாகத் தெரியும். கிண்ணத்தில் படாமல் நேராக வெளியே போகும் ஒளி சுற்றிலும் ஒரு மங்கலான பெரிய வட்டத்தைப் போடும்.

பழைய பித்தளை டார்ச்சை வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் தீர்வு தெரியும். பல மாடல்களில் தலைப் பக்கத்தை இப்படியும் அப்படியும் திருகினால் கிண்ணம் முன்னே பின்னே நகரும். நடுவில் இருந்த ஓட்டை மூடிக்கொள்ளும். "ஃபோகஸ் சரி பண்றது" என்று சொல்வார்கள். மூணு கட்டை டார்ச்சை வாங்கியவர் தென்னை மரத்து உச்சியில் அடித்து ஃபோகஸ் சரி பண்ணுவாரே தவிர, சுவரில் அடித்துப் பார்க்க மாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் உதவும்.

கலங்கரை விளக்கம் சொல்லிக்கொடுத்த பாடம்

டார்ச்சுக்கு முன்பே இந்தப் பிரச்சினையை எதிர்கொண்டது கலங்கரை விளக்கம். சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1796ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்குகளோடு முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1844ல் அது உயரமான கல்தூணுக்கு மாறியது. அந்தத் தூண் இப்போதும் ஐகோர்ட் வளாகத்தில் நிற்கிறது. 1894ல் ஐகோர்ட் கட்டடத்தின் கோபுர உச்சிக்கே விளக்கு போனது. 1977ல் மெரினாவில் இப்போது இருக்கும் கலங்கரை விளக்கம் வந்தது.

பிரான்சின் அகஸ்டின் ஃபிரனெல் கண்டுபிடித்த பட்டகக் கண்ணாடி வில்லை 1823ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் எரிந்தது. விளக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, எல்லாப் பக்கமும் சிதறும் ஒளியைக் கடல் பக்கம் திருப்பிவிடுவது அதன் வேலை. பார்க்க வைரம் மாதிரி இருக்கும். விலையும் அப்படித்தான்.

1858 முதல் 1861 வரை பிரிட்டனில் ஒரு ராயல் கமிஷன் கலங்கரை விளக்கங்களை ஆராய்ந்தது. அதில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. விலை உயர்ந்த வில்லைகள் பலவற்றில் கண்ணாடியில் குறை இல்லை. பொருத்தியதில்தான் குறை! சில பட்டகங்கள் ஒளியை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சில, கரைக்குப் பக்கத்துத் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தன. கப்பல்கள் வரும் தொடுவானத்துக்குப் போக வேண்டிய வெளிச்சம் வீணாகியது.

இது சின்னத் தவறுதானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் புரியும். பெரிய வகை வில்லையின் குவியத் தூரம் 920 மில்லிமீட்டர். விளக்கின் சுடர் ஒரு சென்டிமீட்டர் மேலே கீழே இருந்தால் போதும், 10 கிலோமீட்டர் தள்ளி வெளிச்சத்தின் மையம் 100 மீட்டருக்கு மேல் விலகிவிடும். மாலுமி இருட்டில் நிற்பார், வெளிச்சம் அவர் தலைக்கு மேல் போகும்.

அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி, கலங்கரை விளக்க நிர்வாகத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த மைக்கேல் ஃபாரடே, கண்ணாடி தயாரித்த சான்ஸ் சகோதரர்கள் கம்பெனியின் ஜேம்ஸ் சான்ஸ் ஆகியோர் சேர்ந்து இதைச் சரிசெய்தார்கள். மின்சாரத்தில் இவ்வளவு கண்டுபிடித்த ஃபாரடே, வயதான காலத்தில் பட்டகத்தைத் திருகிக்கொண்டு நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. வில்லையின் நடுவில், சுடர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பது. ஒவ்வொரு பட்டகத்திலும் தொடுவானம் சரியான இடத்தில் தெரிகிறதா? தெரிந்தால் சுடரின் ஒளி தொடுவானத்துக்குப் போகும். தெரியாவிட்டால் அந்தப் பட்டகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். கண்ணாடியில் ஒரு சின்னக் குமிழோ கீறலோ இருக்கிறதா என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பதே அளவுகோல். அதைத் தீர்மானிக்கும் இடம் விளக்கு அறையின் சுவர் அல்ல. கடல்.

சென்னைத் துறைமுகம் இன்னொரு வகை வெளிச்சத்தையும் பார்த்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கரைக்குப் பக்கத்தில் வந்து சர்ச் லைட்டை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். எண்ணெய் பற்றி எரிந்தது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் தமிழில் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். அந்தச் சர்ச் லைட்டின் ஓரத்தில் வளையம் இருந்ததா என்று அன்று இரவு இரண்டு தரப்பிலும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்!

பேட்டரி வந்த கதை

எவரெடி பேட்டரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறக்குமதிச் சரக்காக இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1934ல் கல்கத்தாவில் கம்பெனி பதிவானது. முதலில் கல்கத்தாவில் ஆலை, 1950களில் சென்னையிலும் பேட்டரி உற்பத்தி, லக்னோவில் டார்ச் ஆலை என்று வளர்ந்தது. 1959ல் கம்பெனியின் பெயர் யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் என்று மாறியது. அமெரிக்க யூனியன் கார்பைடு கையில் பாதிக்கு மேல், அதாவது 50.9 சதவீதப் பங்கு.

கரண்ட் வராத கிராமங்களில் டார்ச்தான் இரவின் கண். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், டூரிங் டாக்கீஸில் சீட் காட்டுகிறவர், கோயில் கூத்து முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர், காத்திவாக்கத்தில் விடிவதற்கு முன் கட்டுமரத்தைத் தள்ளுகிறவர், எல்லார் கையிலும் இரண்டு கட்டையோ மூணு கட்டையோ இருந்தது. மங்கிப்போன பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவது நம் ஊர் பொருளாதாரம்.

இப்படி லட்சக்கணக்கில் பொருள் தயாரிக்கும்போது எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. எது போகலாம், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு ஒரு முறை வேண்டும். அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் 1924ல் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற கருத்தைக் கொண்டுவந்தார். அவர் சொன்னதன் சாரம் இது: எந்த உற்பத்தியிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். இயல்பான ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடாதே. அதைத் தாண்டி ஏதாவது நடந்தால் மட்டும் காரணம் தேடு. இந்த ஷூஹார்ட் 1947-48ல் இந்தியாவுக்கே வந்தார். மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம்தான் அழைத்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு என்ற பேச்சு பரவியதில் அந்த வருகைக்குப் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் 1950ல் வெளியிட்ட மாதிரிச் சோதனைத் தரநிலையில் குறைகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது அபாயக் குறை. பொருள் அதன் வேலையைச் செய்ய முடியாமல் ஆக்குவது பெருங்குறை. வேலையைப் பெரிதாகப் பாதிக்காதது சிறுகுறை. இந்தியாவிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க ஐ.எஸ். 2500 என்ற தரநிலை இருக்கிறது.

டார்ச்சை இந்த மூன்று பெட்டிக்குள் போட்டுப் பாருங்கள். பேட்டரி சூடாகி வெடிக்கும் வாய்ப்பு இருந்தால் அபாயக் குறை. சுவிட்சு சில சமயம் வேலை செய்யாவிட்டால் பெருங்குறை. சுவரில் ஒரு மெல்லிய வளையம்? அது சிறுகுறை. பார்க்கும்போது கண்ணில் முதலில் படுவது சிறுகுறைதான். சுவிட்சின் உள்ளே இருக்கும் குறை சுவரில் தெரியாது!

சட்டம் என்ன சொல்கிறது?

காமர்ஸ் படிப்பவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் ஒருமுறையாவது மனப்பாடம் செய்யும் சட்டம் 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16ஆம் பிரிவு வாங்குபவருக்கு எச்சரிக்கையையும் சொல்கிறது, பாதுகாப்பையும் கொடுக்கிறது. அந்த வகைப் பொருளை விற்பவரிடம் விவரம் சொல்லிக் கேட்டு வாங்கினால், அது விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வந்து சண்டை போட முடியாது.

அதாவது கடையிலேயே டார்ச்சை அடித்துப் பார்த்து, நடுவில் புள்ளி இருப்பதைக் கண்ட பிறகும் வாங்கியவர் மறுநாள் "புள்ளி இருக்கிறது" என்று சொல்ல முடியாது. உள்ளே மறைந்திருந்த சுவிட்சுக் கோளாறு வேறு கதை. அதை அவர் பார்த்திருக்க வழியில்லை.

1986ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டமும் குறை என்ற சொல்லை இன்னும் அகலமாக விளக்குகின்றன. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில், அளவில், தூய்மையில் குறைந்தாலும் குறை. விற்பவர் தானே சொல்லிக்கொண்டதற்குக் குறைந்தாலும் குறை. இந்தக் கடைசி வரிதான் விலை உயர்ந்த டார்ச்சுக்கு முக்கியம். "ஒரே சீரான வெளிச்சம், வளையம் கிடையாது" என்று டப்பாவில் அச்சடித்து விற்றால் வளையம் ஒரு குறைதான். அப்படி எதுவும் சொல்லாமல் "400 மீட்டர் பாயும்" என்று மட்டும் சொல்லியிருந்தால், 400 மீட்டர் பாய்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

எல்.ஈ.டி. கொண்டுவந்த புதுக் குறைகள்

1993ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்தார். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் போட்டதும் வெள்ளை எல்.ஈ.டி. பிறந்தது. நீல எல்.ஈ.டி.க்காக அவருக்கும் அகசாகி, அமானோ ஆகியோருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இழை பல்பு போனது. அதன் சுருள் பிம்பமும் போனது. ஆனால் புதுக் குறைகள் வந்தன. நீல ஒளி பூச்சின் வழியாக நேராக வெளியே வந்தால் குறைந்த தூரம் கடக்கும், சாய்வாக வந்தால் அதிக தூரம் கடக்கும். அதிக தூரம் கடந்தது மஞ்சளாகும். நடு நீலம், ஓரம் மஞ்சள் என்று தெரிவதற்கு இதுதான் காரணம். நான்கு சில்லுகளை ஒன்றாக அடுக்கிய எல்.ஈ.டி.யில், அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளி சுவரில் சிலுவை மாதிரி கருப்பாக விழும். இதை மறைக்கக் கிண்ணத்தின் உட்புறத்தை ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகச் செய்கிறார்கள். வளையம் கரைந்துவிடும். ஆனால் பாயும் தூரம் கொஞ்சம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

2009ல் அமெரிக்காவில் டார்ச்சுகளுக்கென்றே எஃப்.எல்.1 என்ற தரநிலை வந்தது. வெளிச்சம் பாயும் தூரம் என்பதற்கு அது ஒரு அளவு வைத்தது. வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடம் வரை. ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். இதன்படி 10,000 கேண்டெலா உள்ள டார்ச் 200 மீட்டர் பாயும். 400 மீட்டர் வேண்டுமென்றால் 20,000 போதாது, 40,000 வேண்டும்! இருமடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு வெளிச்சம். எத்தனை லூமன், எவ்வளவு நேரம் எரியும், தண்ணீர் தாங்குமா, கீழே விழுந்தால் தாங்குமா என்பதையெல்லாம் அந்தத் தரநிலை அளக்கச் சொல்கிறது. வட்டம் அழகாக இருக்கிறதா என்பதற்கு அதில் மதிப்பெண் கிடையாது.

ஏமாற்றும் கண்

சுவரில் தெரியும் வளையம் முழுவதும் டார்ச்சின் குற்றமும் அல்ல. 1865ல் எர்ன்ஸ்ட் மாக் ஒரு விஷயத்தைக் காட்டினார். வெளிச்சம் மாறும் விளிம்பில் மனிதக் கண் உண்மையில் இல்லாத பட்டைகளைச் சேர்த்துப் பார்க்கும். இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாக, வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாக. விளிம்பைக் கண்டுபிடிப்பதற்காக இயற்கை கொடுத்த திறமை அது. வெள்ளைச் சுவரில், அசையாமல், பக்கத்தில் நின்று அடித்தால் அந்தத் திறமை முழுவதும் டார்ச்சைக் குறை சொல்வதில் செலவாகிறது.

அதே டார்ச்சை எடுத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போனால் மணல், பாறை, வலை, தண்ணீர் என்று எல்லாமே ஒவ்வொரு அளவில் ஒளியைத் திருப்பும். வளையம் காணாமல் போய்விடும்.

அதற்காக எந்தக் குறையையும் பொருட்படுத்த வேண்டாம் என்று அர்த்தமல்ல. வேலையைப் பொறுத்துத்தான் குறை. தூரத்தில் இருக்கும் படகைத் தேடுகிறவருக்கு நடுவில் இருக்கும் ஓட்டை பெருங்குறை, ஏனென்றால் அவர் குறிபார்ப்பதே நடுவால்தான். இருட்டில் நடக்கிறவருக்கு ஓர வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் குறை, காலடி தெரியாது. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுக்கிறவர் செவுளின் சிவப்பைப் பார்த்து மீன் புதிதா என்று சொல்வார். நீலம் தூக்கலாக, சிவப்பு குறைவாக இருக்கும் எல்.ஈ.டி. அவரை ஏமாற்றும். வட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது மோசமான டார்ச். வயர் நிறம் பார்த்து வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனுக்கும் அப்படியே.

ஆகவே விலை உயர்ந்த டார்ச் வாங்குகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த வேலைக்காக வாங்குகிறாரோ அந்த இடத்தில், அந்தத் தூரத்தில், நடந்துகொண்டே ஒரு இரவு அடித்துப் பார்க்கட்டும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை பொறுக்கட்டும். அங்கே குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் சுவரை மறந்துவிடலாம். தென்னை உச்சியில் அடித்து ஃபோகஸ் சரி பண்ணின பெரியவருக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது.

சுவரில் தெரியாத குறை

இந்தக் கதைக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

திருவொற்றியூரில் பேட்டரி தயாரித்த அதே யூனியன் கார்பைடு இந்தியாவுக்குத்தான் போபாலில் பூச்சிமருந்து ஆலையும் இருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இருட்டில் ஓடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பின்னர் நடந்த விசாரணைகளில் தெரிந்தது என்ன? வாயுவைக் குளிர்வித்து வைக்க வேண்டிய இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசிந்தால் எரித்துவிட வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய அமைப்பால் அந்த அளவைச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் அதற்கு முன்பே தெரிந்த குறை. ஒவ்வொன்றும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிறுகுறைப் பெட்டியில் போடப்பட்ட அபாயக் குறை. 1994ல் அமெரிக்கக் கம்பெனி தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. இந்தியக் கம்பெனி எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாறியது.

காத்திவாக்கத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2011 வரை தனி நகராட்சியாக இருந்து, பிறகு சென்னை மாநகராட்சியில் சேர்ந்த இந்த ஊரைச் சுற்றி ஆலைகளும் குழாய்களும்தான். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் கரைக்குப் பக்கத்தில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. நள்ளிரவில் மூச்சுத் திணறி மக்கள் வீடுகளை விட்டு வெளியே வந்தார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரு டார்ச்சின் வளையத்துக்கும் ஒரு குழாயின் கசிவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் குறைதான். ஒன்று கண்ணுக்கு உடனே தெரிகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகாது. மற்றொன்று கடலுக்கு அடியில் இருக்கிறது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். குறைகளை மூன்று பெட்டியாகப் பிரித்தவர்கள் சொன்னது இதைத்தான். எல்லாக் குறையையும் ஒரே கோபத்தோடு பார்க்கிறவர் கடைசியில் கண்ணில் படும் குறையை மட்டும்தான் பார்ப்பார்.

ஃபாரடேவும் ஏரியும் கண்ணாடியின் பளபளப்பைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பியிருக்கலாம். அவர்கள் சுடர் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து, கடல் தெரிகிறதா என்று பார்த்தார்கள். எண்ணூர்க் கரையில் இரவில் நிற்கும் மீனவருக்கும் அந்தச் சோதனை போதும். கையில் இருக்கும் டார்ச் படகைக் காட்டுகிறதா? காட்டினால் அது நல்ல டார்ச். அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் குழாய்களை அதே அக்கறையோடு யாராவது சோதிக்கிறார்களா என்பதுதான் அவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.